குழாயில் பாஸ் ஆன தண்ணீர் குளிக்கவும் பாஸா?

கேள்வி: ஏரிக்கரையில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். கழிவுநீரைச் சுத்திகரித்து, குளோரின் போட்டு, ஏரியில் விடுகிறோம். கடைசியாக வந்த லேப் ரிப்போர்ட்டில் ஃபீகல் கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) 100 மில்லிக்கு 900 எம்.பி.என். எங்கள் அனுமதியில் உச்சவரம்பு 1000. ஆனால் நீச்சலுக்கு 126-க்குள் இருக்க வேண்டும் என்று ஓரிடத்தில் படித்தேன். குழாய் விழும் இடத்திலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி விருந்தினர்களின் பிள்ளைகள் குளிக்கிறார்கள். எங்கள் தண்ணீர் பாஸா, ஃபெயிலா? இனி எதைப் பரிசோதிக்க வேண்டும்?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் குளிக்கும் இடத்திலேயே தண்ணீர் எடுத்துப் பரிசோதித்து, முடிவு கைக்கு வரும்வரை அங்கே யாரையும் இறக்காதீர்கள். காகிதப்படி உங்கள் குழாய் பாஸ். ஆனால் உங்களிடம் இருக்கும் ரிப்போர்ட் குழாய் வாயில் எடுத்த தண்ணீரைப் பற்றியது, ஐம்பது மீட்டர் தள்ளி என்ன இருக்கிறது என்று அது ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

1000 என்பதையும் 126 என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் குழப்பம். இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். வெளியேற்றும் நீருக்கான வரம்பு, சுத்திகரிப்பு நிலையம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்கிறது. சுத்திகரிக்காத கழிவுநீரில் 100 மில்லிக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை ஈ.கோலை (குடலில் வாழும் பாக்டீரியா) இருப்பது சாதாரணம். காற்றூட்டி, படியவைத்து, தெளிந்த நீராக வெளியே வரும்போது அதில் 90 முதல் 99 சதவீதம் போயிருக்கும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரு கோடியில் 99 சதவீதம் போனாலும் மிச்சம் ஒரு லட்சம். அதைக் குளோரினோ யு.வி.யோ (புற ஊதா ஒளி) வைத்து ஆயிரத்துக்குள் இறக்கினால் நிலையம் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். அப்புறம் ஏரித் தண்ணீரில் கலந்து, வெயில் பட்டு, இன்னும் குறையும் என்ற கணக்கும் பெரும்பாலான வெளியேற்ற வரம்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்தக் கலப்பு உங்கள் ஏரியில் உண்மையில் நடக்கிறதா என்பதை வரம்பு பார்ப்பதில்லை.

நீச்சல் வரம்போ நேராக மனிதரைப் பார்க்கிறது. குளிப்பவர் தெரியாமல் தண்ணீரை விழுங்குவார், அப்படி விழுங்கினால் ஆயிரத்தில் எத்தனை பேருக்கு வயிறு கெடும்? நீங்கள் படித்த 126, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2012-ஆம் ஆண்டு அளவுகோல். 100 மில்லி நன்னீரில் ஈ.கோலை 126, அல்லது கடல் நீர், நன்னீர் இரண்டிலும் எண்டரோகாக்கை (குடலில் வாழும் இன்னொரு பாக்டீரியா வகை) 35. அந்த அளவில் இருக்கும் நீரில் குளிக்கும் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 36 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற தொல்லை வரலாம் என்பதுதான் அதன் பொருள். ஆக, 126-க்குள் இருந்தாலும் ஆபத்து பூஜ்யம் ஆகிவிடுவதில்லை. ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு சமூகம் முடிவு செய்த அளவு அது. பிள்ளைகள் என்று நீங்கள் எழுதியதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீச்சல் குளத்துக் குளோரினோடு சேர்க்கும் சயனூரிக் அமிலம் உடலில் மாறாமல் சிறுநீரில் அப்படியே வெளியேறும். அதை அளந்து, குளிப்பவர்கள் எவ்வளவு நீரை விழுங்குகிறார்கள் என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். முக்கால் மணி நேர நீச்சலில் பெரியவர்கள் சராசரியாக 16 மில்லி, சிறுவர்கள் 37 மில்லி. ஒரே தண்ணீரில் இறங்கினாலும் பிள்ளைக்கு இரண்டு மடங்குக்கு மேல் உள்ளே போகிறது, உடல் எடையோ பாதிகூட இல்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரியும். 1940-களின் கடைசியில் மிச்சிகன் ஏரிக்கரையிலும் ஒஹாயோ நதியிலும் குளித்தவர்களை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மொத்தக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வராதவையும் சேர்ந்த கணக்கு) 2300-ஐ ஒட்டி இருந்தபோது நோய் கூடியது தெரிந்தது. அந்த நதியில் மொத்தக் கோலிஃபார்மில் 18 சதவீதம் ஃபீகல் கோலிஃபார்ம் என்று கணக்கிட்டு, சுமார் 400 என்று எடுத்து, பாதுகாப்புக்காகப் பாதியாக்கி, 1968-ல் 200 என்று வைத்தார்கள். உலகில் பல இடங்களில் இன்றும் அனுமதிப் பத்திரங்களில் காணும் 200, 400 என்ற ஜோடி அங்கிருந்து வந்ததுதான். பிறகு 1970-களில் தொடங்கிக் கடற்கரைகளிலும் ஏரிகளிலும் செய்த ஆய்வுகளில், ஃபீகல் கோலிஃபார்முக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு பலவீனமானது, ஈ.கோலையும் எண்டரோகாக்கையும் நோயோடு கொண்ட தொடர்புதான் உறுதியானது என்று தெரிந்து, 1986-ல் அங்கே அடையாளக் கிருமியையே மாற்றினார்கள்.

அதனால் உங்கள் ரிப்போர்ட்டையும் 126-ஐயும் ஒப்பிடும்போதே ஒரு தவறு நடந்துவிடுகிறது: ஒன்று ஃபீகல் கோலிஃபார்ம், மற்றது ஈ.கோலை. 44.5 டிகிரி வெப்பத்தில் வளர்ந்து லாக்டோஸைப் புளிக்கவைக்கும் எல்லாமே ஃபீகல் கோலிஃபார்ம் கணக்கில் சேரும். அதில் பெரும்பகுதி ஈ.கோலையாக இருக்கலாம், ஆனால் மலத்துக்குச் சம்பந்தமே இல்லாத க்ளெப்ஸியெல்லா என்ற பாக்டீரியாவும் அதற்குள் வரும், காகித ஆலைக் கழிவில் அது நிறைய இருக்கும். லேபிடம் இனி பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: ஈ.கோலை, எண்டரோகாக்கை, இரண்டும் வேண்டும். அனுமதிக்காக ஃபீகல் கோலிஃபார்மும் தொடரட்டும்.

எண்டரோகாக்கையை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், உங்கள் நீர் குளோரின் போட்ட நீர். குளோரினுக்கு ஈ.கோலை சீக்கிரம் சாகும். எண்டரோகாக்கை அதைவிடத் தாக்குப்பிடிக்கும், வைரஸ்கள் பல இன்னும் தாக்குப்பிடிக்கும், கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணியைக் கழிவுநீரில் போடும் அளவு குளோரின் ஒன்றும் செய்யாது. அப்படியானால் குளோரின் போட்ட நீரில் ஈ.கோலை குறைவு என்பது, நோய் தருபவை அதே அளவு குறைந்துவிட்டன என்பதற்குச் சாட்சி ஆகாது. நீச்சல் வரம்புகளைக் கழிவுநீர்க் குழாயின் வாயில் வைத்து ஒப்பிடக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதுதான் மிக வலுவான காரணம்.

சரி, 900 என்ற எண்ணையே கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். எம்.பி.என். என்பது எண்ணிப் பார்த்த எண்ணிக்கை கிடையாது. தண்ணீரைப் பல அளவுகளில் டியூப்களில் ஊற்றி, எத்தனை டியூபில் வளர்ச்சி தெரிகிறது என்று பார்த்து, 'இப்படி வருவதற்கு மிக அதிக வாய்ப்புள்ள எண்ணிக்கை இது' என்று புள்ளியியல் அட்டவணையிலிருந்து எடுப்பது. ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து டியூப் வைக்கும் வழக்கமான முறையில் 900 என்று வந்தால், உண்மை எண்ணிக்கை சுமார் 300-லிருந்து 3000 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 1000-க்கு 900 என்பதை நான் பாஸ் என்று நிம்மதியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நிலையம் நன்றாக ஓடினால் 50, 80, 120 என்று வர வேண்டும், எப்போதாவது ஒரு நாள் கூடலாம். லேபில் 97 குழி கொண்ட தட்டு முறை இருந்தால் அதையே கேளுங்கள். அதில் துல்லியம் அதிகம், 24 மணி நேரத்தில் முடிவு வரும். கோலிஃபார்ம் உள்ள குழி மஞ்சளாகும், அதிலேயே ஈ.கோலை இருந்தால் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும், எத்தனை குழி ஒளிர்கிறது என்று எண்ணி அட்டவணையைப் பார்ப்பார்கள். ஒருமுறை நேரில் பாருங்கள். நேற்று கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் இருட்டில் அறுபது எழுபது புள்ளியாக மின்னுவதைப் பார்த்தவர், அதன் பிறகு 'தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது' என்று சொல்ல மாட்டார்.

நீச்சல் வரம்பை ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 126 என்பது பெருக்குச் சராசரி. அதோடு இன்னொரு எண்ணும் ஒட்டிக்கொண்டே வரும்: 410. முப்பது நாளில் எடுத்த மாதிரிகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் 410-ஐத் தாண்டக் கூடாது. ஒரு மாதத்தில் ஐந்து முறை எடுத்தீர்கள், 20, 35, 60, 90, 4000 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பார்த்துச் சராசரி எடுத்தால் 841. பெருக்குச் சராசரி எடுத்தால், அதாவது ஐந்தையும் பெருக்கி ஐந்தாம் மூலம் கண்டால், 109 தான் வருகிறது. 126-க்குள், பாஸ்! ஆனால் ஐந்தில் ஒன்று 410-ஐத் தாண்டியிருக்கிறது, அது 20 சதவீதம், அதனால் ஃபெயில். இரண்டு எண்ணும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் இதுதான். அந்த 4000 வந்த நாளில் தண்ணீரில் இறங்கிய பிள்ளைக்கு மாதச் சராசரியால் எந்தப் பயனும் இல்லை. (முடிவு '1-க்கும் குறைவு' என்று வந்தால் பூஜ்யம் போட்டுப் பெருக்காதீர்கள், மொத்தமும் பூஜ்யமாகிவிடும், 1 என்று போடுங்கள்.)

மற்ற நாட்டு எண்களைப் பார்க்கும்போதும் எந்த வகை எண் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு உத்தரவில், ஏரி, ஆறு போன்ற உள்நாட்டு நீருக்கு 'மிகச் சிறந்தது' என்ற தரத்துக்கே ஈ.கோலை 500, எண்டரோகாக்கை 200. அமெரிக்காவைவிடத் தளர்வு என்று தோன்றும். ஆனால் அது சராசரி கிடையாது, நூறு மாதிரி எடுத்தால் 95 அதற்குள் இருக்க வேண்டும் என்ற எண். உலக சுகாதார நிறுவனமும் 2003-லேயே 95 சதவீதக் கணக்கில்தான் எண்டரோகாக்கையை 40, 200, 500 என்று படிப்படியாகப் பிரித்தது. முதல் படியில் வயிற்றுக் கோளாறு வர நூற்றில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு, 500-ஐத் தாண்டினால் பத்துக்கு மேல். இந்தியாவில் குளிக்கும் நீருக்கு இன்னும் ஃபீகல் கோலிஃபார்ம்தான் அளவுகோல்: விரும்பத்தக்கது 500, உச்சம் 2500. உங்கள் இடத்தில் எது சட்டமோ அதைத்தான் அதிகாரிகள் கேட்பார்கள், ஆனால் பிள்ளைகளை இறக்கலாமா என்று நீங்களே முடிவெடுக்க, நான் ஈ.கோலை 126, 410 ஜோடியையும் எண்டரோகாக்கை 35, 130 ஜோடியையும் கையில் வைத்துக்கொள்வேன்.

இனி ஐம்பது மீட்டர் கணக்கு. ஏரியின் சொந்தத் தண்ணீரில் ஈ.கோலை 40 இருக்கிறது என்று வைப்போம், உங்கள் 900 முழுவதும் ஈ.கோலை என்றே எடுப்போம். கலந்த பிறகு 126-க்கு வர வேண்டுமானால், உங்கள் நீர் ஒரு பங்குக்கு ஏரி நீர் ஒன்பது பங்கு கலக்க வேண்டும். ஓடும் ஆற்றில் இது பெரிய விஷயமில்லை. ஒதுங்கிய குடா மாதிரியான இடத்தில், காற்றில்லாத நாளில், குழாயிலிருந்து வரும் நீர் கலக்காமல் கரையை ஒட்டியே பட்டையாக நகரும். ஐம்பது மீட்டர் என்பது ஒன்றுமே இல்லை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று குழாயில் பாதிப்பில்லாத சாயம் கரைத்து விட்டோம். எல்லோரும் ஏரியின் நடுவை நோக்கிப் போகும் என்று எதிர்பார்த்தோம். அது கரையோடு ஒட்டி, நாணலுக்கு நடுவில் நுழைந்து, ஒன்றரை மணி நேரம் கழித்து படித்துறையின் கடைசிப் படிக்கு வந்து நின்றது. நிறம் கொஞ்சம்தான் வெளுத்திருந்தது. நீங்களும் அனுமதி கேட்டுவிட்டு இதைச் செய்து பாருங்கள், காற்று ஒரு பக்கமாக அடிக்கும் நாளில் ஒருமுறை, மறுபக்கமாக அடிக்கும் நாளில் ஒருமுறை.

அந்தத் தண்ணீர் தேங்கிய குட்டையாக, பெரும்பகுதி உங்கள் சுத்திகரித்த நீராலேயே நிரம்பியதாக இருந்தால், கலப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. மறுசுழற்சி நீரால் நிரப்பி மக்கள் தடையின்றி இறங்கும் குளங்களுக்குக் கலிஃபோர்னியாவில், வடிகட்டிக் கிருமிநீக்கம் செய்த நீரில் மொத்தக் கோலிஃபார்மின் ஏழு நாள் இடைநிலை 2.2-ஐத் தாண்டக் கூடாது என்று விதி. ஆயிரத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

மாதிரி எடுக்கும் விதத்தில்தான் நிறைய ரிப்போர்ட்டுகள் பொய்யாகின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். லேப் தரும் கிருமியற்ற பாட்டிலின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியோ இரண்டு சொட்டுத் திரவமோ இருக்கும். அது சோடியம் தயோசல்ஃபேட், மாதிரியில் மிஞ்சியிருக்கும் குளோரினை முறிப்பதற்கு. ஒரு நிலையத்தில் மாதக்கணக்கில் '1-க்கும் குறைவு' என்றே வந்துகொண்டிருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை, மாதிரி எடுக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். நல்ல பொறுப்பான ஆபரேட்டர், மற்ற பரிசோதனைகளுக்குச் செய்வது போலவே பாட்டிலை அந்த நீராலேயே மூன்று முறை அலசி ஊற்றிவிட்டு அப்புறம் நிரப்பினார். பொடி அலசலோடு போய்விட்டது. லேபுக்குப் போகும் நான்கு மணி நேரமும் பாட்டிலுக்குள் குளோரின் வேலை செய்துகொண்டே இருந்தது, ஏரியில் விழுந்த தண்ணீருக்கு அந்த நான்கு மணி நேரம் கிடைக்கவே இல்லை. அலசாமல் எடுத்த முதல் மாதிரியில் 2,400-க்கு மேல் வந்தது. ஆகவே பாட்டிலை அலசக் கூடாது, மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது, குலுக்குவதற்கு மேலே ஓர் அங்குலம் காலியாக விட வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும்.

குளிக்கும் இடத்தில் எடுப்பது வேறு மாதிரி. பிள்ளைகள் நிற்கும் ஆழத்துக்கே, முழங்காலிலிருந்து இடுப்பு வரை உள்ள நீருக்கு, அடிச் சேற்றைக் கலக்காமல் மெதுவாக நடந்து போங்கள், கொஞ்சம் நின்று கலங்கல் அடங்கட்டும், பாட்டிலை உங்களுக்கு முன்னால் நீட்டி, ஒரு முழத்துக்கும் குறைவான ஆழத்தில், 30 சென்டிமீட்டர் போதும், வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி நிரப்புங்கள். காலையில் எடுங்கள். வெயில் ஏற ஏறக் கிருமி சாகும். மதியம் எடுத்த மாதிரி அழகான எண்ணைக் கொடுக்கும், காலை ஏழு மணிக்கே இறங்கும் பிள்ளைக்கு அது பொருந்தாது. மூன்று இடம் வேண்டும்: குளிக்குமிடம், குழாய்க்கும் அதற்கும் நடுவில், குழாயின் பாதிப்பே இல்லாத தூரத்தில் ஒன்று. மூன்றாவது இல்லாமல், வந்த கிருமி உங்களுடையதா, வாத்துகளுடையதா, மேலிருந்து வரும் ஓடையுடையதா என்று பிரிக்க முடியாது. முதல் மாதம் ஐந்து தடவையாவது எடுங்கள், அதில் ஒன்றாவது மழைக்கு மறுநாள் இருக்கட்டும்.

மழை என்றதும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஞாபகம் வந்திருக்கும். சென் நதியில் ட்ரையத்லான் நீச்சலுக்கு ஈ.கோலை வரம்பு 1000 தான். மழைநீரைத் தேக்க 50,000 கன மீட்டர் தொட்டி வரை கட்டியிருந்தார்கள். அப்படியிருந்தும் தொடக்க விழாவை ஒட்டிப் பெய்த மழையில் பயிற்சி ரத்தாகி, ஜூலை 30-ல் நடக்கவேண்டிய ஆண்கள் போட்டி மறுநாளுக்குத் தள்ளிப்போனது. பரிசோதனை முடிவு ஒரு நாள் தாமதமாகத்தான் கிடைக்கும் என்பதால், மழைக்குப் பின் முடிவுக்காகக் காத்திருக்காமல் தானாகவே மூடுவதுதான் வழி. நல்ல மழை பெய்தால் இரண்டு மூன்று நாள் யாரும் இறங்கக் கூடாது என்று பலகையே வைத்துவிடுங்கள்.

கடைசியாக நிலையத்துக்கு வருவோம், ஏனென்றால் 900 என்பது அங்கே ஏதோ சரியில்லை என்கிறது. குளோரின் தொட்டியில் நீர் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும், அந்தக் கணக்கைச் சராசரி ஓட்டத்துக்குப் போடாமல், விருந்தினர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்கும் காலை நேர ஓட்டத்துக்குப் போடுங்கள். தொட்டிக்குள் தடுப்புச் சுவர் இல்லையென்றால் நீர் குறுக்கு வழியில் ஐந்து நிமிடத்தில் வெளியே போய்விடும். மிச்சக் குளோரினைத் தொட்டியின் கடைசியில் அளக்க வேண்டும், போட்ட இடத்தில் அளந்து பயனில்லை. நீரில் துகள் மிதந்தால் அதற்குள் ஒளிந்த கிருமியைக் குளோரினும் தொடாது, யு.வி.யும் தொடாது. அப்புறம், அதே அளவு குளோரின் போட்டும் மிச்சம் திடீரென்று காணாமல் போனால் நைட்ரைட்டைச் சோதித்துப் பாருங்கள்: அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது பாதியில் நின்றால் நைட்ரைட் சேரும், நைட்ரைட்டாக இருக்கும் ஒரு மில்லிகிராம் நைட்ரஜன் ஐந்து மில்லிகிராம் குளோரினைத் தின்றுவிடும். அளவைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வாகாது, மிச்சக் குளோரின் ஏரி மீனைக் கொல்லும், வெளியே விடும் முன் அதை முறித்தாக வேண்டும்.

சாயச் சோதனையில் நீர் படித்துறைக்குத்தான் வருகிறது என்று தெரிந்தால், பரிசோதனையை அதிகப்படுத்துவதற்கு முன்னால் குழாயை ஏரிக்குள் ஆழமான இடத்துக்கு நீட்டுங்கள், அல்லது குளிக்கும் இடத்தைக் காற்று வரும் பக்கத்துக்கு மாற்றுங்கள். இரண்டாவது ஒரு வாரத்தில் முடிகிற வேலை. அதையே முதலில் செய்யுங்கள், புது இடத்தில் ஐந்து மாதிரி எடுத்து எண்களை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.